தொண்டை கிழிய

சீருடை போட்ட எவரையும் எனக்குப் பிடிக்காது. பஸ் நிலையத்தில் எனக்கே ஒரு நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். மற்றவர்களின் சீருடை விஷயத்தில் அது வெறும் பிடிக்காமை இல்லை, பயம். பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால் கோபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் வேலை மைக்கில் பேசுவது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். இன்ஜின் உறுமல், ஹாரன், சண்டை, சிரிப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சொல் ஒருவர் காதில் போய் விழ வேண்டும் என்றால், ஒவ்வொரு எழுத்தையும் பல்லில் கடித்துத் துப்ப வேண்டும். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அங்கே என் பெயரே மைக்தான். "மைக் சொன்னா சரியா இருக்கும்" என்பார்கள் டிரைவர்கள். வீட்டிலும் அந்தக் குரல் போகாது. "உப்பு வேணும்னா என்கிட்ட கேளுங்க, ஊருக்கே அறிவிக்க வேண்டாம்" என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எங்களுக்கு ஒரே பையன். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் பொடிசு. ஆறடிக்கு வளர்ந்து, தலை இடிக்காமல் குனிந்து வாசலுக்குள் வர ஆரம்பித்த பிறகும் பொடிசுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்துவது, எறும்புத் தலை அளவுள்ள திருகாணியை முடுக்குவது எல்லாம் அவன் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூக்கில் அழுத்துகிறது என்று யாராவது வந்தால் அவர்கள் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பான், கம்பியை லேசாக வளைப்பான், அவ்வளவுதான். பெண் பார்க்கலாம் என்று அவன் அம்மா ஆரம்பித்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அது முதல் தடவையாக வந்தது. நான்கைந்து நாளாகச் சரியாகத் தூங்காமல் இருந்தான். வேலை அதிகம் என்று நினைத்தோம். ஒரு மதியம் கடையை விட்டு வெளியே வந்து நாற்சந்தியின் நடுவில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடப் பார்த்திருக்கிறான். "உங்க யாருக்கும் சரியாப் பார்க்கத் தெரியலை" என்று கெஞ்சியிருக்கிறான். போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் நிலையத்தில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. "போதை. கீழ விழுந்துட்டான்" என்றார்கள். என் பையன் காபிகூடக் குடிக்க மாட்டான் என்றேன். "எல்லா அப்பனும் இதையேதான் சொல்றான்" என்று சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், பின்னால் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு, "விழுந்தா இப்படித்தான் உடையும்" என்றார். அன்றைக்கு எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் நம்பிக்கை போயிற்று.

மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில் பொடிசு தேறினான். மணிக்கட்டு தேறவில்லை. எலும்பு கோணலாகச் சேர்ந்து, விரல் நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கைக்கு எறும்புத் தலைத் திருகாணி எப்படி நிற்கும்? கடை முதலாளி நல்ல மனிதர், கல்லாவில் உட்காரச் சொன்னார். பொடிசு போகவில்லை. வீட்டில் இருந்தான். கொஞ்ச காலத்தில் மாத்திரையையும் நிறுத்திவிட்டான். நிறுத்தியதை எங்களிடம் சொல்லவில்லை.

இந்தத் தடவை அது மெதுவாக வரவில்லை. முதலில் ஜன்னல்களைச் செய்தித்தாள் வைத்து ஒட்டினான். பிறகு டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். எங்கள் மூன்று பேரின் ஃபோனையும் வாங்கி ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் அடுக்கினான். "குளிர்ல அதுக்குக் காது மரத்துப் போயிரும்மா, நாம பேசறது கேக்காது" என்றான். என் மனைவி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தக்காளியை மட்டும் எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை மூடினாள். அதற்கப்புறம் தூக்கம் நின்றது. சாப்பாடு நின்றது. பிறகு கத்த ஆரம்பித்தான்.

யாரையும் திட்டிக் கத்தவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். "வராதீங்க, வராதீங்க" என்றுதான் கத்தினான். சுவரைப் பார்த்து, கதவைப் பார்த்து, மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்து. யாரோ வருகிறார்கள் என்பதுதான் அவன் பயம். எங்கள் மேல் ஒரு விரல் வைக்கவில்லை. அம்மா பக்கத்தில் போனால் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கத்துவான். காலையில் ஆரம்பித்தால் குரல் உடைந்து வெறும் காற்றாக வரும்வரை கத்துவான். பிறகும் வாய் மட்டும் அசையும்.

ஆஸ்பத்திரிக்கு நான் நேரிலேயே போய்க் கேட்டேன். "கூட்டிட்டு வாங்க, பார்க்கிறோம்" என்றார்கள். வர மாட்டேன் என்கிறானே என்றேன். "அப்ப போலீஸ்ல சொல்லுங்க, அவங்க கூட்டிட்டு வருவாங்க" என்றார்கள். மனநல டாக்டரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்தவர் நான் ஹெலிகாப்டர் கேட்ட மாதிரிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், செருப்புச் சத்தத்துக்கே பொடிசு மேஜைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டான்.

பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் இருக்கிற பெண்தான் அந்த அவசர எண்ணைச் சொன்னாள். அவள் தங்கைக்கும் இப்படி வந்ததாம். "அண்ணே, அடிக்கிறான், உடைக்கிறான்னு மட்டும் வாயில வந்துரக் கூடாது. வந்தா ஆம்புலன்ஸோட போலீஸும் சேர்ந்து வரும். உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அதைக் கேட்டு என் மனைவி, "நெஞ்சுவலின்னே சொல்லிருங்களேன்" என்றாள். சமையலறையில், குழாயடியில், இரண்டு பேரும் திருடர்கள் மாதிரிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம்.

"பொய் சொன்னா அங்க போனதும் வேற ஏதாவது ஊசியப் போட்டு வைப்பாங்க."

"போட்டா போடட்டும். வீட்டை விட்டு அவன் நல்லபடியா வெளிய வந்தா போதும்."

"நான் சரியாச் சொல்றேன். சொல்ற மாதிரி சொன்னா போலீஸ் ஏன் வரப்போகுது? இதுதானே எனக்கு வேலையே."

எத்தனையோ வருடமாக என் குரலைக் கேட்டவள், நம்பிவிட்டாள்.

மைக்கில் படிக்கிற அறிவிப்பு மாதிரி அதை நான் தயார் செய்தேன். என் மகனுக்கு மனசு சரியில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. யாரையும் அடிக்கவில்லை. கையில் எதுவும் இல்லை. போலீஸ் வேண்டாம், பார்த்தால் பயப்படுவான். இதில் எந்தச் சொல்லும் தவறாகப் போக வழியில்லை என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜிலிருந்து ஃபோனை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். வயிற்றில் ஐஸ் மாதிரிச் சுட்டது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, நான் பேசுவது அவனுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது.

ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல். "சொல்லுங்க சார், என்ன அவசரம்?"

"என் மகனுக்கு மனசு சரியில்லைம்மா. நாலஞ்சு நாளா தூங்கலை, சாப்பிடலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"சார், தண்ணி சத்தம் வருது. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

"முடியாதும்மா. பக்கத்துலயே இருக்கான்."

"சரி சார், சரி. இப்ப எப்படி இருக்கார்?"

மனப்பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் அந்த நான்கைந்து நாளில் அவன் எப்படி இருக்கிறான் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. தயார் செய்ததெல்லாம் போய், வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"கத்திக் கத்தித் தொண்டை கிழிஞ்சு போச்சும்மா."

"என்ன சார்? கத்தியா?"

"ஆமாம்மா. காலைலேருந்து கத்திட்டேதான் இருக்கான்."

"தொண்டை யாருக்கு சார்?"

"அவனுக்குத்தாம்மா. சீக்கிரம் வண்டி அனுப்புங்க. போலீஸ் மட்டும் வேண்டாம், அவன் யாரையும்..."

குளியலறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. "அப்பா! யார் உள்ள? யார்கூடப் பேசுறீங்க?" முகவரியை வேகமாகச் சொல்லிவிட்டு ஃபோனை அணைத்தேன். கடைசியில் அந்தப் பெண்ணின் குரல் மாறியிருந்தது. "பதறாதீங்க சார், இப்பவே அனுப்புறோம்" என்றாள். இரக்கத்தில் மாறியது என்றுதான் நினைத்தேன். பரவாயில்லை, மனுஷியாக ஒருத்தி கிடைத்தாள் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தேன். பொடிசு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"யார்கூடப் பேசினீங்க?"

"குளிச்சேன்டா."

"தலை காஞ்சிருக்கு."

"எனக்குத் தலையில காயறதுக்கு என்னடா இருக்கு?"

அவன் என் வழுக்கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். குரல் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. எத்தனையோ நாள் கழித்து அவன் சிரித்ததைப் பார்த்து அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. இவனிடம் ஏன் ஒளிக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன்டா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம். நீ தூங்கணும்."

அவன் உடம்பு விறைத்தது. "போலீஸ் வருமா?"

"வராது. வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்பா சொல்றேன் பாரு, வராது."

என் முகத்தில் எதையோ தேடினான். கடையில் முகம் பார்த்துக் கம்பி வளைப்பானே, அந்தப் பார்வை. பிறகு, கரகரவென்று காற்றாக வந்த குரலில், "மைக் சொன்னா சரியா இருக்கும்" என்றான்.

"நீங்களும் வண்டியில வருவீங்கதானே?"

"உன் பக்கத்துலயே உக்காந்து வர்றேன்."

அவன் சம்மதித்துவிட்டான். இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, ஆனால் சம்மதித்தான். தானாக எழுந்து போய் அலமாரியிலிருந்து வெளுத்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்தான். பித்தானைப் போட விரல் நின்றால்தானே! நான் போட்டுவிட்டேன். கழுத்துப் பித்தானைப் போடும்போது மோவாயைத் தூக்கிக் காட்டினான், பள்ளிக்கூடம் போகிற நாளில் காட்டுவது மாதிரி. அவன் அம்மா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, கையில் சீப்பைக் கொடுத்தாள். "இந்தக் கோலத்துல போனா டாக்டர் என்னைத்தான் திட்டுவாங்க, சீவிக்கோ" என்றாள். ஒரு பையில் துண்டு, மாற்றுச் சட்டை, பல்துலக்கி எல்லாம் எடுத்து வைத்தாள். வெளியூர்ப் பயணம் போகிற வீடு மாதிரி இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது தாங்க முடியவில்லை.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் பூட்ஸ் போடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு இடிபட்டது.

"போலீஸ்! கதவத் திற!"

பொடிசு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. 'அப்படியா அப்பா?' என்று கேட்கிற மாதிரி இருந்தது. மறுகணம் "வராதீங்க" என்று கத்த ஆரம்பித்தான்.

உடைத்துவிடப் போகிறார்கள் என்று ஓடிப்போய்த் திறந்தேன். இரண்டு பேர். ஒருவர் என் வயது இருக்கும், மற்றவர் பொடிசு வயது. இளையவர் கையில் தடி. அவர்களுக்குப் பின்னால், படியின் திருப்பத்தில், ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள்.

"கத்தி எங்கய்யா?" என்றார் பெரியவர்.

"என்ன கத்தி?"

"தொண்டைய அறுத்துக்கிட்டான், கத்தியோட இருக்கான்னு நீதானே சொன்னே?"

எனக்கு ஒரு வினாடி ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. வாளியில் விழுந்த தண்ணீர், அந்தப் பெண்ணின் கேள்வி, என் பதில்.

"ஐயோ, கத்தினான்னு சொன்னேன் சார், கத்தின்னு சொல்லலை! கத்திக் கத்தித் தொண்டை போச்சுன்னு..."

என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். ஒவ்வொரு தடவை விளக்கும்போதும் அந்தச் சொல்தான் வந்து விழுந்தது. உள்ளே அவன் போடுகிற சத்தத்தில் அது மட்டும்தான் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். எழுத்தைக் கடித்துத் துப்பத் தெரிந்தவன், என் வீட்டு வாசலில் நின்று உளறினேன்.

"பெத்தவன் இப்ப மாத்திப் பேசுறான் சார்" என்றார் இளையவர். என் தோளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பொடிசு அறையின் நடுவில் நின்றிருந்தான். அம்மாவை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை. கையில் சீப்பு.

"கத்தியக் கீழ போடு!" என்று இளையவர் அலறினார். "கத்தியப் போடுடா!"

என் பையன் அந்தச் சொல்லை நான் சொன்ன மாதிரியே கேட்டான். அதுதான் என் நெஞ்சைப் பிளக்கிறது. அவனுக்கு அது கத்துவதாகத்தான் கேட்டது. கத்தியதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். சட்டென்று குரலை நிறுத்தினான். "இல்லை சார், கத்தலை சார், இனிமே கத்த மாட்டேன்" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினான். சீப்பு இருந்த கை கழுத்துக்கு நேராகப் போயிற்று.

தடி விழுந்தது. ஏற்கெனவே ஒருமுறை உடைந்த அதே கையில்.

அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து விலங்கு மாட்டினார்கள். என் மனைவி இளையவரின் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன் என்று அவள் சொல்கிறாள். பொடிசு கத்தவே இல்லை. கை முறிந்த வலியில் ஆடுமாடுகூடக் கத்தும். அவன் தரையில் கன்னத்தை வைத்தபடி, "கத்தலை, கத்தலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் இன்னும் சின்னக் குரலில் சொன்னான்.

பெரியவர்தான் முதலில் கீழே பார்த்தார். குனிந்து எடுத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் சீப்பு, அதில் இரண்டு மூன்று முடி.

"சீப்புப்பா" என்றார்.

அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜைமேல் வைத்தார், கண்ணாடிப் பாத்திரம் வைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. "எங்களுக்குத் தகவல் அப்படித்தான் வந்துச்சு" என்றார் என்னிடம். அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. தகவல் கொடுத்தவன் நான்தானே.

ஆம்புலன்ஸிலிருந்து வந்த நர்ஸம்மா அவர்களைத் தாண்டி வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். "தம்பி, நான் நர்ஸ். கையத் தொடப்போறேன், சரியா?" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். விலங்கைக் கழற்றச் சொல்லி அவர்களிடம் சண்டை போட்டாள். இவள் மட்டும் அந்தக் கதவைத் தட்டியிருந்தால் பொடிசு தன் காலால் நடந்து படியிறங்கிப் போயிருப்பான். அவன் செருப்புக்கூடப் போட்டிருந்தான்.

வண்டியில் ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். நான் ஏறப் போனேன். இளையவர் கையை நீட்டி மறித்தார். "நீ இரு. வீட்டைப் பார்க்கணும்." அவன் அம்மா ஏறினாள். ஸ்ட்ரெச்சரில் கட்டிப் படுக்க வைத்திருந்த பொடிசு தலையை மட்டும் திருப்பி நான் வருகிறேனா என்று பார்த்தான். கதவு மூடும்வரை பார்த்தான்.

அவர்கள் சமையலறைக்குள் போய்த் தொட்டியில் கழுவாமல் கிடந்த காய் நறுக்கும் கத்தியை எடுத்தார்கள். "இது என்ன?" என்றார் இளையவர், பரிசு கிடைத்த மாதிரி. "காலையில தக்காளி நறுக்கினது" என்றேன். பெரியவர், "விடுப்பா, போலாம்" என்று அதைத் திரும்பத் தொட்டியிலேயே போட்டார். மாடிப்படியில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கத்தி கத்தி என்று பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அவர்களிடமும் விளக்கப் போனேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இந்த டாக்டர் நல்லவர். வயசான பெண்மணி, என்னை நேராகப் பார்த்துப் பேசுகிறவர். "இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தா போயிருக்கும். தண்ணிகூட இல்லை உடம்புல. கொண்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, சபிக்கவும் வாய் வரவில்லை. என் பையன் பிழைத்துக்கொண்டான். அவனைப் பிழைக்க வைத்ததும், கையை உடைத்ததும் நான் சொன்ன அதே வாக்கியம்தான்.

இந்த ஆஸ்பத்திரியையும் நான் முழுசாக நம்பவில்லை. ஊசி போட வருகிறவரிடம் என்ன மருந்து, எதற்கு என்று வழக்கறிஞர் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்தேன். "அப்பா கொஞ்சம் முரடு" என்று நர்ஸ்கள் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்களாம். இருக்கட்டும்.

பொடிசு தூங்க ஆரம்பித்தான். சாப்பிட ஆரம்பித்தான். ஊட்டிவிட்டால் வாயைத் திறந்தான், துடைத்துவிட்டால் முகத்தைக் காட்டினான். பேசவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் கேட்டாலும் பதில் இல்லை, அவன் அம்மா கெஞ்சினாலும் பதில் இல்லை. "மருந்தோட வேலை கொஞ்சம், அதிர்ச்சி கொஞ்சம். வரும், பொறுங்க" என்றார் டாக்டர். வார்டு நர்ஸ் மட்டும், "இங்க இருக்கிறதுலயே இவர்தாங்க அமைதி. சத்தமே கிடையாது, தங்கமான பையன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அவள் தலையில் எதையாவது போட்டு உடைக்கலாம் போல இருந்தது. என் பையன் வெறுமனே அமைதியாக இல்லை. போலீஸ்காரனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இன்றைக்கு மதியம் பார்வையாளர் நேரத்தில் போனேன். என் மனைவி துணி மாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டியில் வருகிறேன் என்று சொல்லி வராமல் போனதை, போலீஸ் வராது என்று சொன்னதை, எல்லாவற்றையும் அவனிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். எதிரே பார்த்ததும் அழுகைதான் வந்தது.

"கத்துடா பொடிசு" என்றேன். "அப்பாவத் திட்டு. எவ்வளவு வேணும்னாலும் கத்து. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் இருக்கேன். கத்துடா!"

என் குரல் என்னை மீறிப் போயிருக்க வேண்டும். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். வார்டு கதவோரம் நின்ற காவலாளி, சீருடைக்காரர், இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பொடிசு அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கட்டுப் போடாத இடது கையை வேகமாகத் தூக்கி என் வாயைப் பொத்தினான். அவன் உதடு என் காதருகே வந்தது. இத்தனை நாளுக்கப்புறம் அவன் குரலைக் கேட்டேன்.

"கத்தாதீங்கப்பா. உங்களையும் அடிப்பாங்க."

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பிய பிறகும் பொடிசு கையை எடுக்கவில்லை. அழுத்திப் பிடித்திருந்தான். சரிடா என்று தலையை மட்டும் ஆட்டினேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.